மூச்சு மந்தமாகப் பிறந்த குழந்தைக்கு முதலில் காற்று

பிரசவ அறைக்குப் புதிதாக வரும் செவிலியர்கள், தாய்க்குப் பிரசவ வலியைக் குறைக்கும் அபின் வகை ஊசியான பெத்திடின் போட்டிருக்கிறது என்று தெரிந்ததும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "சிஸ்டர், நலோக்சோன் எந்த அலமாரியில் இருக்கிறது?" பெத்திடினுக்கு அது முறிவு மருந்து என்று படித்திருக்கிறார்கள், கேட்கிறார்கள். ஆனால் அழாமல் துவண்டு கிடக்கும் குழந்தைக்கு அந்த நிமிடத்தில் வேண்டியது மருந்து இல்லை, காற்று. பிறந்தவுடன் செய்யும் உயிர்ப்பூட்டலில் நலோக்சோனுக்கு இடமே கிடையாது. அலமாரியைத் திறக்கும் கையால் ஆம்பு பையை, மாஸ்க் வழியே காற்றை அழுத்திக் கொடுக்கும் பையை, எடுங்கள்.

நான் வேலை பார்ப்பது குமுளி மலையின் அடிவாரத்தில். வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டம், வண்டன்மேடு ஏலத்தோட்டம் என்று மேலே கேரளப் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பிரசவத்துக்குக் கம்பம், கூடலூர்ப் பக்கம் தாய்வீட்டுக்கு இறங்கி வருவது வழக்கம். சிலர் வலி கண்ட பிறகுதான் இறங்குவார்கள். மேலே ஓரிடத்தில் வலிக்கு ஊசி, கீழே வந்து பிரசவம். சீட்டில் மருந்தின் பெயர் இருக்கும், போட்ட நேரம் இருக்காது. எனக்கு வேண்டியதோ நேரம்தான். தசையில் பெத்திடின் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் பிறந்துவிட்டால் குழந்தைக்குப் போய்ச் சேர்வது குறைவு; இரண்டு, மூன்று மணி நேரம் கழித்துப் பிறந்தால்தான் மூச்சு மந்தப்படும் வாய்ப்பு அதிகம். தாய்க்கு நினைவில்லை என்றால் கூட வந்தவரிடம் கேளுங்கள்: ஊசி போட்டது ஜீப்பில் ஏறுவதற்கு எவ்வளவு நேரம் முன்னால்? அதையே கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்.

தலை தெரியும் முன்பே குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மரைப் போட்டு, துணிகளைச் சூடாக்கி வைத்துக்கொள்ளுங்கள். மாஸ்க்கை உள்ளங்கையில் வைத்துப் பையை அழுத்திப் பாருங்கள். கையில் காற்றின் அழுத்தம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் பையில் ஓட்டை, இல்லையேல் வால்வு சரியில்லை. குழந்தை வந்த பிறகு இதைக் கண்டுபிடிப்பதில் பயனில்லை.

பிறந்ததும் துடைத்து, ஈரத்துணியை எறிந்துவிட்டு, முதுகை இரண்டு முறை தேய்த்துப் பாருங்கள். தலைகீழாகத் தூக்குவது, அறைவது எல்லாம் வேண்டாம். வாயில் சளி அடைத்திருந்தால் மட்டும் உறிஞ்சுங்கள், வாய் முதலில், மூக்கு பிறகு. மூச்சு வரவில்லை என்றால் முதல் நிமிடம் முடிவதற்குள் பை வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும்.

இனி சொல்வதில் அவசரப்படாதீர்கள். தோளுக்கு அடியில் ஓர் அங்குல உயரத்துக்கு மடித்த துணி. கழுத்து சற்றே நீண்டிருக்க வேண்டும், பின்னால் மடங்கக் கூடாது. மாஸ்க் தாடை நுனி, வாய், மூக்கு மூன்றையும் மூட வேண்டும், கண்ணைத் தொடக் கூடாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கின் மேல். மற்ற மூன்று விரல்கள் தாடை எலும்பைத் தூக்கிப் பிடிக்க. கழுத்துச் சதையை அழுத்தினால் நீங்களே வழியை அடைக்கிறீர்கள். "அழுத்து, விடு, விடு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை. நிறைமாதக் குழந்தைக்குத் தொடக்கத்தில் அறைக் காற்றே போதும். பார்வை நெஞ்சில் இருக்கட்டும், மானிட்டரில் அல்ல. தூங்கும் குழந்தையின் நெஞ்சு எவ்வளவு உயருமோ அவ்வளவு உயர்ந்தால் போதும். உயரவில்லையா? மாஸ்க்கை எடுத்து மறுபடி பொருத்துங்கள், தலையைச் சரிசெய்யுங்கள், சளி பாருங்கள், வாயைச் சற்றுத் திறந்து வையுங்கள், கடைசியாக அழுத்தத்தைக் கூட்டுங்கள். நெஞ்சு உயர்ந்து 30 விநாடி ஆன பிறகும் இதயத் துடிப்பு 60க்குக் கீழே இருந்தால் நெஞ்சழுத்தம், மூன்று அழுத்தத்துக்கு ஒரு மூச்சு. அதற்குள் டாக்டர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இந்தக் குழந்தைகளிடம் ஒரு ஏமாற்று உண்டு. பை கொடுத்ததும் துடிப்பு 100ஐத் தாண்டும், உடம்பு சிவக்கும், பார்க்க நன்றாக இருக்கும். பையை எடுத்தால் மூச்சு நிற்கும். மருந்து மூளையில் மூச்சுத் தூண்டலைத்தான் மந்தப்படுத்துகிறது, நுரையீரலில் பழுதில்லை. ஆகவே நிறம் திரும்பியதைக் கண்டு கையை எடுக்காதீர்கள். தானாக ஒழுங்காக மூச்சு விடும் வரை கொடுத்துக்கொண்டே இருங்கள். தானே மூச்சு விடாத குழந்தைக்கு சிபாப் (மூக்கு வழியே தொடர் அழுத்தத்தில் காற்று தரும் கருவி) உதவாது. நேரம் நீண்டால் குழாய் போட்டு வென்டிலேட்டர்தான்.

நலோக்சோன் ஏன் ஆபத்து? தாய் பல மாதமாக அபின் வகை மருந்துக்குப் பழகியவராக இருந்தால், ஒரே ஊசியில் குழந்தைக்குக் கடும் விலகல் (பழகிய மருந்து திடீரென நின்றால் உடல் படும் பாடு) வந்து வலிப்பு வரலாம். தாய் பழகியவர் இல்லை என்று உறுதியாகி, காற்றும் துடிப்பும் சரியான பிறகு, டாக்டர் முடிவு செய்து போட்டாலும், அதன் வேகம் தாய்க்குப் போட்ட மருந்துக்கு முன்பே தீர்ந்துவிடும். மூச்சு மறுபடி மந்தமாகலாம். பெத்திடினின் மிச்சம் பச்சிளங்குழந்தையின் உடலை விட்டுப் போக நாள்கணக்கில் ஆகும். அதனால் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை வலது கையில் மாட்டி, கண்காணிப்பில் வையுங்கள். சப்பும் சக்தி இல்லாத குழந்தையின் வாயில் பாட்டிமார்கள் சேனை வைக்க வருவார்கள். கண்டிப்பாகத் தடுங்கள், புரையேறும்.

இன்னொரு வகை, தாய் கர்ப்பம் முழுவதும் உட்கொண்டது. அபின் வகை வலி மாத்திரையான டிரமடாலை 2018இல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவந்துவிட்டார்கள், ஆனாலும் இடுப்பு வலிக்கென்று பழகியவர்கள் இருக்கிறார்கள். போதை மீட்பு சிகிச்சையில் புப்ரினார்பின் எடுப்பவர்களும் உண்டு. மாமியாரையும் கணவரையும் வெளியே அனுப்பிவிட்டு, "வலிக்கு, தூக்கத்துக்கு ஏதாவது மாத்திரை போடுவாயாம்மா?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். திட்டினால் அடுத்த முறை மறைப்பாள். தானாக நிறுத்தவும் சொல்லாதீர்கள்.

இந்தக் குழந்தை பிறக்கும்போது நன்றாக அழும். ஒரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள், சில மருந்துகளில் இன்னும் தாமதமாக, நடுக்கம், கீச்சென்ற அழுகை, தும்மல், மூக்கடைப்பு, வேக மூச்சு தொடங்கும். மூச்சை முழு நிமிடம் எண்ணுங்கள். 60ஐத் தாண்டினால் வேகம். அதை உடனே விலகல் என்று முத்திரை குத்தாதீர்கள். கிருமித் தொற்று, நிமோனியா, சர்க்கரை குறைவு எல்லாம் இப்படித்தான் வரும். முனகல், நெஞ்சுக்குழி உள்வாங்கல் இருந்தால் முதலில் அவற்றைத் தேட வேண்டும். மூச்சு மிக வேகமாக இருந்தால் வாய்வழிப் பால் வேண்டாம், குழாய் வழி. விலகல்தான் என்றால் மங்கிய வெளிச்சம், அமைதி, தாயின் மார்போடு அணைப்பு, சிறிது சிறிதாகப் பால். இதிலேயே பல குழந்தைகள் தணியும். மருந்து தொடங்கினால், மார்பினோ பீனோபார்பிடோனோ, அதுவும் மூச்சை மந்தமாக்கும் என்பதை மறக்காதீர்கள்.

மூக்கடைப்புக்கு எங்கள் பக்கத்தில் எண்ணெய் விட்டு ஊதி எடுப்பார்கள். எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் நிமோனியா. இரண்டு சொட்டு உப்புநீர் போதும். சக்ஷன் குழாயைத் திரும்பத் திரும்ப விட்டால் மூக்கு வீங்கி இன்னும் அடைக்கும்.

இரண்டாம் நாளே வீட்டுக்குப் போக அவசரப்படுவார்கள். குறைந்தது மூன்று நாள், புப்ரினார்பின் என்றால் ஒரு வாரம் வரை வைத்திருங்கள். மலையேறிய பிறகு ராத்திரி மூச்சு திணறினால் அவர்கள் போவது கேரளத்து மருத்துவமனைக்குத்தான். ஆகவே சீட்டில் மருந்தின் பெயர், தாய் கடைசியாக எடுத்த நேரம், குழந்தையின் எடை, நிமிட மூச்சு எண்ணிக்கை நான்கையும் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதி, தாயின் கையிலேயே கொடுத்து அனுப்புங்கள்.