கும்பிடாதவள் திருநாள் செய்யும் முறை

பொங்கல் பானை அடுப்பில் ஏறிய பிறகு "நான் கும்பிட மாட்டன்" என்று சொல்லக் கூடாது. இந்த விசயத்தில் நான் முதலில் சொல்லித்தருவது அதைத்தான், ஏனென்றால் நான் அப்படித்தான் தொடங்கினேன். 1998 தைப்பொங்கல். மட்டக்களப்பு மாவட்டத்து வந்தாறுமூலையில் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். கல்லடியில் எங்கள் வீட்டு முற்றத்தில் கோலம் போட்டு, மூன்று கல் வைத்து, கரும்பு கட்டி, பாலும் பொங்கி வழிந்து, அப்பா தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். எல்லாரும் கைகூப்பி நிற்க, நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஏன் என்று பெரியம்மா கேட்டார். சூரியன் ஒரு நட்சத்திரம் என்பதில் தொடங்கி அந்த இடத்திலேயே விளக்கம் கொடுத்தேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. புக்கை, அதாவது பொங்கிய சோறு, பானையோடு ஆறிப்போய்க் கிடந்தது. நான் சொன்னது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

ஆகவே கதைக்க வேண்டியதை ஒரு கிழமைக்கு முன்னரே கதைத்துவிடுங்கள். வீட்டில் மூத்தவரோடு, தனியாக, ஏதாவது வேலை செய்துகொண்டு. அம்மாவும் நானும் பயறு வறுக்கும்போதுதான் இதையெல்லாம் கதைப்போம். செய்ய மாட்டாததைக் கடைசியில் வையுங்கள். "முத்தத்தக் கூட்டித் தாறன், கோலம் போடுறன், அரிசி களையிறன், அடுப்படியிலயே நிக்கிறன். தேவாரம் மட்டும் நான் படிக்கல்ல, மாமிட மகள் படிக்கட்டும்." இவ்வளவுதான் சொல்வேன். ஏன் என்று கேட்டால் மட்டும் காரணம், அதுவும் ஒரே வசனத்தில்.

சாமி கும்பிடுவதை விட்டதற்குச் சனம் ஒரு பெரிய காரணத்தைத் தேடும். எங்கள் பக்கத்தில் அது பெரும்பாலும் சுனாமி. "2004ல ஆரையும் பறிகுடுத்தியா புள்ள?" என்று கேட்பார்கள். கல்லடி, டச்பார், நாவலடி என்று கடல் ஏறி வந்த ஊரில் அது நியாயமான கேள்வி. எனக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நம்பிக்கை அதற்கு வெகு முன்னரே மெல்ல மெல்ல என்னை விட்டுப் போய்விட்டது. உங்களுக்கும் காரணம் இல்லையென்றால் இல்லை என்றே சொல்லுங்கள். இறந்தவர்களைக் கொண்டுவந்து உங்கள் கருத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டாம். அந்த இழப்பைக் கண்ட பல வீடுகளில் இன்றும் வெள்ளிக்கிழமை விளக்கு எரிகிறது.

எனக்கென்று நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான். கையால் செய்யக்கூடிய எதையும் செய்வேன். வாயால் நம்பாததைச் சொல்ல மாட்டேன். கோலம், தோரணம், பூ கட்டுதல், பாத்திரம் துலக்குதல், நூறு பேருக்குச் சோறு வடித்தல் எல்லாம் கைவேலை. தேவாரம், நேர்த்தி, "அம்மாள் காப்பாத்துவா" என்ற ஆறுதல் எல்லாம் வாய்வேலை. சந்தேகம் வரும்போதெல்லாம் இது கையா, வாயா என்று என்னையே கேட்பேன். அநேகமாக விடை கிடைத்துவிடும்.

இந்த விதியை அம்மா ஏற்றுக்கொண்டது மண்டூரில் வைத்துத்தான். ஆவணித் திருவிழாவுக்கு அவரைக் கூட்டிப்போயிருந்தேன்; குருமண்வெளியில் பாதை என்கிற மிதவையில் ஏறி வாவியைக் கடந்து போனோம். மண்டூர் முருகன் கோயிலில் கப்புகனார் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார், மந்திரம் கிடையாது. திரும்பி வரும்போது அம்மா சொன்னார்: "அவரும் வாயக் கட்டித்தானே எல்லாம் செய்யிறார். நீயும் அப்படியே நில்லு புள்ள. ஒண்டும் சொல்லத் தேவல்ல." பதினைந்து வருடத்துக்கு மேலான பிணக்கு அந்தப் பாதையில் முடிந்தது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வழி அவர்களுடைய வழக்கத்துக்குள்ளேயே கிடக்கும். அதை அவர்கள் வாயால் வரவிடுங்கள்.

திருநீறு பற்றிப் பலர் கேட்கிறார்கள். நானாகப் போய்ப் பூசுவதில்லை. அம்மா பூச வந்தால் நெற்றியைக் காட்டிக்கொண்டு நிற்பேன். என் நெற்றியில் படுவது அம்மாவின் விரல்.

இனி ஒவ்வொரு நாளாக வருகிறேன். தைப்பொங்கல் எனக்கு மிக நெருக்கமானது. தமிழ்நாட்டில் பெரியார் வழி வந்தவர்கள் தீபாவளியை விட்டுப் பொங்கலைத் தமிழர் திருநாளாகப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அது புரிகிறது. ஆனால் எங்கள் வீட்டில் பொங்கலுக்குள்ளேயும் சூரிய நமஸ்காரம் இருக்கிறது, ஆகவே அப்படி வெட்டிப் பிரிக்க வரவில்லை. வயலை நினைத்துத்தான் நான் பொங்குகிறேன். பெரும்போக வேளாண்மை கதிர் தள்ளி நிற்கும், சில வயல் கண்டங்களில் வெட்டும் தொடங்கியிருக்கும். முடிந்தால் புது அரிசியை வயல்காரரிடமே வாங்குங்கள்; நான் சம்மாந்துறைப் பக்கத்திலிருந்து எடுப்பிப்பேன். ஒரு கிலோ பச்சை அரிசிக்குக் கால் கிலோ வறுத்த பயறு, இரண்டு தேங்காயின் பால், முக்கால் கிலோ சர்க்கரை, கஜு, பிளம்ஸ், ஏலம். முதற்பாலைக் கடைசியில்தான் விட வேண்டும். பால் எந்தப் பக்கம் வழிகிறது என்று அம்மா பார்ப்பார். நானும் குனிந்து பார்த்து "கிழக்கால வழியுது" என்று உள்ளதைச் சொல்வேன். அதற்குப் பலன் என்ன என்பதை அவர் சொல்லிக்கொள்வார்.

சித்திரைப் புத்தாண்டில் ஒரு பொறி இருக்கிறது, குறிப்பாக என்னைப் போல விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்களுக்கு. வருடம் பிறக்கும்போது தலையில் வைக்கும் மருத்துநீரில் மஞ்சள், மிளகு, துளசி, வில்வம், அறுகு எல்லாம் இருப்பதால் "அது கிருமி கொல்லும், முன்னோர்கள் விஞ்ஞானிகள்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தலையில் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். அப்படிச் செய்ய வேண்டாம். உச்சந்தலையில் நாலு துளி தொட்டு வைத்தால் எந்தக் கிருமியும் சாகாது. கும்பிடுகிறவருக்கு அது புண்ணியகாலத்துத் தீர்த்தம், எனக்கு அம்மாவின் கை என் தலையில் இருக்கும் ஒரு நிமிடம். இரண்டும் உண்மை. நடுவில் ஒரு பொய் விஞ்ஞானத்தைச் செருகினால் இரண்டுமே கெட்டுப்போகும். வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணிதமும் வருடம் பிறக்கும் நேரத்தை வெவ்வேறாகச் சொல்லும். அதைச் சுட்டிக்காட்டி வாதாடவும் வேண்டாம். அம்மா எதைப் பார்க்கிறாரோ அந்த நேரத்துக்கு எழும்புங்கள். கைவிசேசத்துக்கு, அதாவது புத்தாண்டுக் கைக்காசுக்கு, புது நூறு ரூபாய்த் தாள்களை முதல் கிழமையே வங்கியில் மாற்றி வைத்துக்கொள்வேன். எங்கள் தெருவில் வேதக்கார (கிறிஸ்தவ) பிள்ளைகளுக்கும் அதுதான்.

தீபாவளிக்குச் சொல்ல அதிகம் இல்லை. எண்ணெய் வைத்து முழுகி, ஆட்டிறைச்சி காய்ச்சி, வந்தவர்களுக்குப் பலகாரம் கொடுத்தால் முடிந்தது.

ஏடு தொடக்கல் கொஞ்சம் சிக்கலானது. ஆசிரியை என்பதால் விசயதசமிக்கு அயலில் பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் இருத்துவார்கள். நான் முன்னரே சொல்லிவிடுவேன்: "நான் சாமி கும்பிடுறதில்ல. உங்களுக்குச் சரியெண்டா எழுதிக் குடுக்கிறன்." ஒரு தாய் யோசித்துவிட்டு வேறு ஆளிடம் போனார். அது அவருடைய உரிமை. நான் சொல்லாமல் செய்திருந்தால்தான் பிழை. மற்றவர்கள் சரி என்றார்கள். மூன்று வயதுப் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் "அ" எழுதுவதைவிட நான் மதிக்கும் சடங்கு வேறு இல்லை.

நோன்புக் காலத்தில், முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் என்னோடு படிப்பிக்கும் டீச்சர் வீட்டுக்கு நோன்பு திறக்கப் போவேன். பத்து நிமிடம் முந்திப் போங்கள். கஞ்சியும் பேரீச்சம்பழமும் முன்னால் இருக்கும். பாங்கு சொல்லும்வரை நீங்களும் தொடாதீர்கள். அன்று பகல் நீங்கள் சாப்பிடாமல் இருந்திருந்தாலும் "நானும் நோன்பு" என்று சொல்ல வேண்டாம். நிய்யத் (நோன்பு வைக்கும் எண்ணம்) வைக்காத பட்டினி நோன்பாகாது என்பது அவர்களுக்குத் தெரியும். பெருநாளில் பலர் சேர்ந்து சாப்பிடும் சஹனில் இருத்தினால் உங்களுக்கு முன்னால் உள்ள பக்கத்தில் மட்டும் எடுங்கள். ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் இறைச்சி தந்துவிடப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் அம்மா மாட்டிறைச்சியைச் சேர்க்க மாட்டார் என்று டீச்சரிடம் நேரே சொன்னேன். அடுத்த முறை வட்டிலப்பம் வந்தது.

நத்தாருக்கு (கிறிஸ்மஸ்) பக்கத்து வீட்டு அன்ரியோடு நள்ளிரவுப் பூசைக்குப் போவதுண்டு. மற்றவர்கள் எழும்பினால் எழும்புங்கள், முழங்காலில் நின்றால் அமைதியாக இருங்கள். நற்கருணை வாங்க வரிசையில் போகக் கூடாது. மரியாதை என்று நினைத்துச் சிலர் போகிறார்கள்; ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கருக்குத்தான் அது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் முஸ்லிம் தீவிரவாதி ஒருவன் குண்டை வெடிக்கவைத்தான். செத்தவர்களில் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளும் இருந்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் தெருவிலிருந்து காத்தான்குடிக்குப் போக்குவரத்து நின்றுபோனது. பல நாள் யோசித்தேன். முதலில் அன்ரியிடம் போய் இருந்து, "பெருநாளுக்கு டீச்சர் வீட்ட போகப் போறன்" என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "போ. போய் அந்தப் பிள்ளையள்ற பாடெப்படி எண்டு பாத்துட்டு வா" என்றார். போனேன். வழமையாக ஆட்கள் நிறைந்திருக்கும் அந்த வீட்டில் அன்று வெளியாள் நான் ஒருத்திதான். எந்தக் கோயிலுக்கும் சேராதவருக்கு எந்த வாசலும் விலக்கில்லை. ஆகவே இப்படியான வருடத்தில் முதலில் போக வேண்டியவர் அவர்தான். இதை நான் ஒரு கடமையாகவே சொல்கிறேன்.

வைகாசியில் என் கணவரின் ஊரான காரைதீவுக்குப் போவோம். எங்கள் பக்கத்தில் ஆண்கள்தான் கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்கு வருவது. ஆனால் கண்ணகை அம்மன் குளிர்த்திக்கு அவர்கள் ஊருக்குத் திரும்பியாக வேண்டும். இரவில் கண்ணகி வழக்குரை படிப்பதைக் கேட்டுக்கொண்டு மணலில் இருப்பேன். புருசனைக் கள்ளன் என்று கொன்றுபோட்ட அரசனிடம் சிலம்போடு போய் நியாயம் கேட்ட ஒரு பெண்ணை ஒரு கரை முழுவதும் தாயாக வைத்திருக்கிறது, ஊரை எரித்த அவளுடைய சூடு தணியட்டும் என்று வருடா வருடம் குளிரவைக்கிறது. எனக்கு அவள் தெய்வமில்லை. கேட்கும்போது கண் கலங்குகிறது, அதை நான் மறைப்பதில்லை. போகிறவர்கள் அன்று மச்சம் மாமிசம் சாப்பிடாமல் முழுகிவிட்டுப் போங்கள். அந்த இடத்தின் ஒழுங்கு அது. திருவிழாவுக்குக் காசு கேட்டுக் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் வந்தால் நான் அன்னதான அரிசிக்கு என்று சொல்லிக் கொடுப்பேன், அவரும் அப்படியே எழுதிக்கொள்வார். தீமிதிப்புக்குப் போனால், தணல் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், கால் படுவது கணநேரம் என்ற விளக்கத்தைக் குழியடியில் வைத்துச் சொல்லாதீர்கள். டொக்டர் ஆபிரகாம் கோவூர் (1898–1978) இந்த நாட்டில் இப்படியான அற்புதங்களைக் கேள்வி கேட்டார், அவரை நான் பெரிதும் மதிக்கிறேன். என் வகுப்பில் பிள்ளைகள் கேட்டால் ஒளிக்காமல் படிப்பிப்பேன்.

விட்டுக்கொடுக்காத இடம் ஒன்று உண்டு. மகனுக்குக் கொப்புளிப்பான் (சின்னம்மை) வந்தபோது "அம்மாள் வந்திரிக்கா, மருந்து குடுக்கப்படாது" என்றார் அம்மா. வேப்பிலை கட்டினோம், இறைச்சி மீன் நிறுத்தினோம், குளிர்ந்த சாப்பாடு கொடுத்தோம். மூன்றாம் நாள் காய்ச்சல் ஏறியதும் வைத்தியரிடம் கொண்டுபோனேன், அம்மாவிடம் சொல்லிவிட்டேதான். இரண்டு நாள் அவர் என்னோடு கதைக்கவில்லை. உடம்புக்கு ஆபத்து என்றால் பிணக்குக்குப் பயப்படாதீர்கள்.

அதே மகன் ஏழு வயதில் "சாமி இரிக்கா, இல்லயா?" என்று கேட்டான். "அம்மம்மா இரிக்கெண்டு நம்புறா. நான் நம்பல்ல. நீ வளந்து யோசிச்சுப் பாரு" என்றேன். அம்மாவும் பக்கத்தில் இருந்தார். பிள்ளையிடம் தனியாக ஒன்றும் முன்னால் ஒன்றும் சொல்லாதீர்கள்.

அப்பா 2016இல் தவறிப்போனார். தம்பி சுவிஸில். ஆடி அமாவாசைக்கு அம்மாவை அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயிலுக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். தீர்த்தக்கேணியில் சனம் நெருக்கும். பெரியவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் விடியவே போய்விடுங்கள், மாற்றுச் சேலையும் துவாயும் தனிப் பையில் இருக்கட்டும், படியில் ஒரு கையை விடவே வேண்டாம். மோட்ச அருச்சனைக்கு ஐயர் பெயர் கேட்பார். முதல் வருடம் அம்மாவுக்குத் தொண்டை அடைத்து வார்த்தை வரவில்லை. அப்பாவின் பெயரை நான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து காத்தோட்டிக்காய் சமைக்க வேண்டும், அன்று அது இல்லாமல் விரதச் சாப்பாடு இல்லை. கசப்பென்றால் அப்படிக் கசப்பு. அப்பா விரும்பிச் சாப்பிடுவார். நான் வட்டமாக வெட்டி, உப்பும் மஞ்சளும் போட்டு அவித்து, தண்ணீரை வடித்துவிட்டு எண்ணெயில் பொரிப்பேன். சந்தையில் முதல் நாள் பின்னேரமே வாங்கிவிடுங்கள், காலையில் விலை ஏறிவிடும்.