டகோட்டா எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்

இலங்கையின் பழைய விமான நிறுவனமான எயார் சிலோன் 1947இல் சேவையைத் தொடங்கியதே டகோட்டா எனப்படும் டிசி-3 விமானங்களோடுதான். அந்த டிசி-3ஐப் பழுதுபார்த்துப் பறக்கவைக்கும் ஆசை திருகோணமலையில் யாருக்காவது இருந்தால், முதலில் எஞ்சினைக் கையால் சுற்றப் பழகுங்கள். வட்டமாக அடுக்கிய 14 சிலிண்டர்கள். சும்மா நின்றால் எண்ணெய் கீழ்ச் சிலிண்டர்களில் இறங்கித் தேங்கும், எண்ணெய் அமுங்காது, அப்படியே ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராட் (பிஸ்டனைச் சுழல் தண்டோடு இணைக்கும் கம்பி) வளைந்துவிடும்.

ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவின் சுவிட்சை அணைத்துவிட்டு (அணைத்தாலும் எஞ்சின் பற்றக்கூடும் என்றே நினைத்து நில்லுங்கள்) புரொப்பெல்லரை அது ஓடும் திசையிலேயே மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். இறுகினால் பலம் காட்ட வேண்டாம், பின்னோக்கியும் திருப்ப வேண்டாம், எண்ணெய் காற்றுக் குழாய்க்குள் போய் அப்புறம் ஓடும்போது திரும்பி வரும். கீழ்ச் சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வடியவிடுங்கள்.

சரி, உப்பு. திருகோணமலையின் சீனக்குடா மாதிரிக் கடலோரத்தில் நிறுத்தினால் அலுமினிய உடலை நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவுங்கள்.