கிரேக்க, ரோமானிய பாணியில் படுக்கையறை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பண்டைய கிரேக்க, ரோமானிய பாணி என்றதும் பலர் முதலில் வாங்குவது வெள்ளை பெயிண்ட். சுவர், கூரை, கட்டில், விரிப்பு, மூலையில் ஒரு மார்பளவுச் சிலை என அனைத்தையும் வெள்ளையாக்கிவிட்டு, அதுவே பழமை என்று நம்புகிறார்கள். பண்டைய சிலைகளின் வெண்மை காலப்போக்கில் சாயம் உதிர்ந்ததால் வந்தது. 1863-இல் ரோமுக்கு அருகே பிரிமா போர்ட்டாவில் கண்டெடுக்கப்பட்ட ரோமானியப் பேரரசர் அகஸ்டஸின் சிலையிலேயே வண்ணத்தின் எச்சங்கள் இருந்தன. கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை புதைத்த பொம்பெய் நகர வீடுகளின் சுவர்களில் செங்காவியும் மஞ்சள் காவியும் கறுப்பும் பச்சையும் இன்றும் தெரிகின்றன. வெள்ளை வேண்டாம் என்பதல்ல. அது இந்த நிறங்களுக்கு நடுவே இளைப்பாறும் இடமாக இருந்தால் போதும்.

அடுத்த தவறு, சுவர் முழுவதையும் ஒரே நிறத்தில் அடித்துவிட்டுக் கூரையை ஒட்டி ஒரு கிரேக்கக் கோலப் பட்டையை ஒட்டுவது. ரோமானியச் சுவர் பெரும்பாலும் மூன்று பகுதிகளாகப் பிரிந்திருக்கும்: அடர்ந்த நிறத்தில் அடிப்பட்டை, நடுவில் அகன்ற கட்டங்கள், மேலே சற்று இலேசான பகுதி. இந்தப் பிரிவினைதான் பாணியின் உயிர். பட்டை அதன் ஓரத்தையல் மட்டுமே. பத்தடி உயர அறையில் அடிப்பட்டைக்கு இரண்டரை முதல் மூன்றடி உயரம் பொருந்தும். சரிபாதியில் கோடு போட்டால் சுவர் இரண்டாக வெட்டுப்பட்டதுபோல் தெரியும்.

பொம்பெய் சுவரோவியங்களை ஆகஸ்ட் மாவ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1882-இல் நான்கு வகைகளாகப் பிரித்தார். முதல் வகை, சாந்துப்பூச்சைக் கொண்டு வண்ணப் பளிங்குக் கற்களைப் போலக் காட்டுவது. இரண்டாவது, தூண்களையும் தொலைதூரக் காட்சிகளையும் வரைந்து சுவரே திறந்துகொண்டதுபோல் மயக்குவது. மூன்றாவது, ஒரே நிறப் பரப்பில் மெல்லிய கோடுகளும் நடுவே சிறு ஓவியமுமாக அடங்கி நிற்பது. நான்காவது இவற்றின் கலவை. இன்றைய படுக்கையறைகளுக்கு மூன்றாவதே பொருத்தம் என்பது என் கருத்து, ஏனெனில் தாழ்ந்த கூரையை அது மேலும் அழுத்துவதில்லை. இரண்டாம் வகையின் மீது ஆசைப்படுபவர்கள் பொம்பெய்க்கு அருகிலுள்ள போஸ்கோரியாலே மாளிகையின் படுக்கையறையை நினைப்பார்கள், ஏறத்தாழ கி.மு. 50–40 காலத்து அந்த அறையின் சுவர்கள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அத்தகைய காட்சியை வால்பேப்பராக ஒட்டுவதானால் ஒரே சுவரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வரைந்த நிழல், சன்னல் வெளிச்சத்தில் விழ வேண்டிய பக்கத்துக்கு மாறாக விழுகிறதா என்பதையும் முன்பே பார்த்துவிட வேண்டும். அந்த முரண் ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு ஓவியத்தில் வேறெதுவும் தெரியாது.

தூண்களில்தான் செலவும் ஏமாற்றமும் அதிகம். எளிய தலையுடைய டோரிக் தூணின் உயரம் முதலில் அடிவிட்டத்தைப்போல் ஆறு மடங்காகவும் பின்னர் ஏழு மடங்காகவும், சுருள் தலையுடைய அயோனிக் தூணுடையது ஒன்பது மடங்காகவும் அமைந்ததாக ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதுகிறார். ஒன்பதடித் தூணுக்கு இந்தக் கணக்கைப் போட்டால் அயோனிக்குக்கு ஓரடி விட்டமும் டோரிக்குக்குப் பதினைந்து அங்குலத்துக்கு மேலும் தேவைப்படும். ஐந்தாறு அங்குலக் குழாய்க்குத் தலையும் அடியும் மாட்டி நிறுத்தினால் அது பந்தல்கால் ஆகிவிடும். சிறிய அறையில், அடிப்பட்டைக்கு மேலிருந்து தொடங்கும் தட்டையான பாதித்தூண்களைச் சுவரோடு ஒட்டி அமைக்கலாம். உயரம் குறைவதால் அகலத்தையும் அதே விகிதத்தில் குறைக்க முடியும். அவற்றின் மேல் ஒரு கார்னிஸாவது, அதாவது சுவரிலிருந்து நீட்டிய விளிம்புப் பட்டையாவது, ஓட வேண்டும். எதையும் தாங்காத தூண் பொய்யாகத் தெரியும். இலை வேலைப்பாடுள்ள கொரிந்தியன் தூணின் தலையை மலிவான வார்ப்பில் வாங்குவதையும் தவிர்க்கலாம்: இரண்டு கை பெயிண்ட் ஏறியதும் இலைநுனிகள் மழுங்கி, இலையா மேகமா என்று தெரியாத ஒன்றாகிவிடும்.

பொத்தான் பதித்த மெத்தைத் தலைப்பலகையும் தங்கமுலாம் பூசிய வளைகால் மேசையும் பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு மாளிகைகளை நினைவூட்டுபவை. 1738-இல், வெசூவியஸ் புதைத்த மற்றொரு நகரமான ஹெர்குலேனியத்திலும் 1748-இல் பொம்பெயிலும் அகழாய்வு தொடங்கிய பிறகு ஐரோப்பாவில் பண்டைய வடிவங்களை மீண்டும் கையாண்டு எழுந்த நியோகிளாசிக்கல் பாணி தனியழகு உடையது. அது வேண்டுமானால் தெரிந்தே அதைத் தேர்ந்தெடுக்கலாம். பழமையைத் தேடுபவர்களுக்கு, வெளிநோக்கி வளைந்த கால்களுடைய கிரேக்க நாற்காலியான கிளிஸ்மோஸும், கடைசல் கால்களுடைய எளிய கட்டிலும் போதும். ரோமானியப் படுக்கையறை பெரும்பாலும் சிறியது; கட்டில், பெட்டி, முக்காலி, விளக்குத்தண்டு என அதில் இருந்த பொருட்களும் சிலவே. எனவே பெரிய அலமாரியைச் சுவர்க் கட்டங்களோடு ஒன்றும் கதவுகளுக்குப் பின்னால் மறைத்துவிட வேண்டும்.

அலங்காரப் பொருட்களை வாங்கும்போது அவற்றின் பழைய பயன்பாட்டை விசாரிப்பது நல்லது. வெண்தளத்தில் வரைந்த ஒடுங்கிய ஏதென்ஸ் எண்ணெய்க் குடுவைகள் இறந்தவர்களுக்குப் படைக்கப்பட்டுக் கல்லறையில் வைக்கப்பட்டவை. மூடியிட்ட ரோமானியப் பளிங்குத் தாழிகள் பல, சாம்பலை வைக்கச் செய்யப்பட்டவை. பாம்புக் கூந்தலுடைய மெடூசாவின் முகமோ தீமையை விரட்டும் காவல். வாசற்கதவில் அதற்கு வேலை உண்டு, தலையணைக்கு மேல் என்ன வேலை?

தரையில் பளிங்கு பதிக்க விரும்புவோர் எடையை மறந்துவிடுகிறார்கள். இரண்டு சென்டிமீட்டர் தடிமனுள்ள பளிங்கு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 54 கிலோ இருக்கும். மாடியறையாக இருந்தால் பொறியாளரிடம் கேட்காமல் இறங்கக் கூடாது. கண்ணாடிபோல் மெருகேற்றிய தரை விளக்கொளியைத் திருப்பியடிப்பதால் மங்கலான மெருகே ஏற்றது. அறையின் நடுவில் பெரிய வட்ட மொசைக் பதித்து, பாதியைக் கட்டிலால் மூடுவது வீண்செலவு. கட்டில் நிற்கும் பகுதிக்கு ஒரு கோலமும் எஞ்சிய தரைக்கு வேறொரு கோலமுமாக ரோமானியர்கள் மொசைக்கைப் பிரித்ததுண்டு. நாமும் அதைப் பின்பற்றலாம்.

வெளிச்சத்தில், கூரையைச் சுற்றி வெண்ணொளி எல்.இ.டி. பட்டை ஓட்டுவது மற்ற உழைப்பையெல்லாம் கெடுத்துவிடும். படுக்கையறைக்குக் காலை வெளிச்சம் தேவை என்பதால் அது கிழக்கு நோக்கி இருக்க வேண்டும் என்கிறார் விட்ருவியஸ். இரவிலோ அவர்களுக்கு இருந்தவை தாழ்ந்த உயரத்தில் எரியும் எண்ணெய் விளக்குகள். கட்டிலருகே வெண்கல நிற விளக்குத்தண்டுகளில் 2700 கெல்வின் அளவிலான மஞ்சளொளி பல்புகளைப் பொருத்தினால், காவிச் சுவரும் அதன் மெல்லிய கோடுகளும் சரியாகத் தெரியும். பெயிண்ட் நிறத்தைத் தேர்வு செய்வதும் அந்த பல்பின் ஒளியில்தான் நடக்க வேண்டும், கடையின் குழல்விளக்கில் அல்ல.