வெள்ளைக் குரங்குக்கு நான்கு கைகள்

அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ரைஸ் பர்ரோஸ் 1912-இல் தொடராக எழுதிய செவ்வாய்க் கிரகக் கதையை மேசை விளையாட்டாக ஆட ஆசைப்பட்டேன். வாள் வீரர் பொம்மைகள் சுலபமாகக் கிடைத்தன. சிக்கல் வந்தது அந்தக் கதையின் அரக்க மிருகமான வெள்ளைக் குரங்கில்தான். கடையில் வாங்கிய அரக்க பொம்மை 40 மி.மீ. உயரம்தான் இருந்தது, வீரன் பக்கத்தில் வைத்தால் பயமே வரவில்லை.

அப்புறம் கதையைத் திரும்பப் படித்தேன். உயரம் 10 முதல் 15 அடி, கொரில்லாவின் முகவாயும் பற்களும், கைக்கும் காலுக்கும் நடுவே இன்னொரு ஜோடி, தலையில் மட்டும் சிலிர்த்த முடி. என் 6 அடி வீரன் 30 மி.மீ. என்றால் 15 அடிக்கு 75 மி.மீ. வேண்டும். இந்தக் கணக்கை முதலிலேயே போட்டிருக்க வேண்டும்.

பொம்மைக் கடையில் அந்த உயரத்தில் ரப்பர் கொரில்லா இரண்டு வாங்கினேன். ஒன்றின் கைகளைத் தோளோடு அறுத்து, பேப்பர் கிளிப் கம்பியைச் செருகி, மற்றதன் விலாவில் பொருத்தினேன். இணைப்பை எம்-சீல் வைத்து மூடினேன். உடம்பு முழுக்க ரோமக் கோடுகள்! அதன் மேலும் எம்-சீலை மெல்லிசாகப் பூசி, ஈரவிரலால் தடவித் தடவி வழவழப்பாக்கினேன். ஒரு மாலை முழுக்க இதற்கே போனது, ஆனால் தோல் உயிரோடு தெரிந்தது.

தலைமுடிக்குப் பழைய டூத்பிரஷ் நார். வெறும் வெள்ளை அடித்தால் சுண்ணாம்புபோல் இருக்கும். சாம்பல் பூச்சின் மேல் யானைத் தந்த நிறத்தை லேசாக இழுத்தேன்.

அடுத்து, அதே கதையில் வீரர்கள் சவாரி செய்யும் எட்டுக் கால் மிருகமான தோட். அதற்கு இரண்டு குதிரை பொம்மைகளை எடுத்து வைத்திருக்கிறேன்.