ஒரே விளக்கில் வீடியோ பேட்டி எடுக்க

சின்ன அறை, ஒரே ஒரு எல்இடி விளக்கு. போதும். முதலில் டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சமும் கலந்தால் முகம் பச்சையடிக்கும். பேசுபவரைச் சுவரிலிருந்து நான்கடியாவது தள்ளி உட்காரவையுங்கள். விளக்கு கேமராவுக்கு ஒரு பக்கமாக, 45 டிகிரியில், கண்மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கட்டும். அதன் முன்னால் வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டுங்கள். துணி ஆளுக்கு எவ்வளவு நெருக்கமோ, நிழல் அவ்வளவு மென்மை. மறுபக்கக் கன்னம் ரொம்ப இருண்டால் அந்தப் பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்துங்கள்; வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி முகத்தில் விழும். சினிமா ஷூட்டிங்கிலும் இதுதான் நடக்கிறது.

அப்புறம், மூக்குக்கண்ணாடி போட்டவரா? கண்ணாடியில் விளக்கு பளிச்சென்று தெரிந்தால் ஸ்டாண்டை இன்னும் உயர்த்துங்கள். அப்படியும் போகவில்லையா, கண்ணாடியின் காம்பைக் காதிலிருந்து லேசாகத் தூக்கிவிட்டால் பிரதிபலிப்பு கீழே இறங்கிவிடும். படத்தில் வித்தியாசமே தெரியாது.