கேலிக் ஓடைப் பெயர்களைப் பதிவு செய்வது எப்படி?

ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட்ஸ் மலைகளில் தாண்டிக் குதிக்கிற அளவு ஓடைக்குக்கூட கேலிக் மொழியில் பெயர் இருக்கும். எங்கே ஆலை ஓடியது, எந்தக் கரையில் பிர்ச் மரங்கள் நின்றன என்பதையெல்லாம் அந்தப் பெயர்கள் சொல்லும். வரலாற்று வரைபடத்துக்காக அவற்றைச் சேகரிக்கக் கேலிக் சரளமாகத் தெரிய வேண்டியதில்லை. பொறுமையும் ஒரு எக்செல் தாளும் போதும்.

1. ஒரே ஓடையில் தொடங்குங்கள்

மாவட்டம் முழுவதையும் எடுத்தால் பாதியில் விட்டுவிடுவீர்கள். ஃபோர்ட் வில்லியம் அருகே, பென் நெவிஸ் மலையின் வடமுகத்தை ஒட்டி இறங்கி லோக்கி ஆற்றில் சேரும் 'அவுல்ட் அ வூலின்' நல்ல தேர்வு. ஆலை ஓடை என்று பொருள். பென் நெவிஸ் விஸ்கி ஆலைக்குத் தண்ணீர் தருவதும் இதுதான்.

2. பழைய வரைபடங்களைத் திரட்டுங்கள்

ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 1747–55 காலத்து ராய் இராணுவ வரைபடத்தில் சிற்றோடைப் பெயர்களை அதிகம் எதிர்பார்க்காதீர்கள். மைலுக்கு 6 அங்குல அளவில் பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வே வெளியிட்ட முதல் பதிப்புத்தான் உங்களுக்கு உண்மையான அடித்தளம்.

3. பெயர்ப் புத்தகங்களைப் புரட்டுங்கள்

அந்தப் பதிப்புக்காக சர்வே ஆட்கள் எழுதிய கையெழுத்துப் புத்தகங்கள் 'ஸ்காட்லாந்துஸ்பிளேசஸ்' இணையதளத்தில் வெளியிடப்பட்டன. பெயர், அதன் வெவ்வேறு எழுத்து வடிவங்கள், அவற்றைச் சொன்னவர்கள், இடம், குறிப்பு என்று பத்தி பிரித்திருப்பார்கள். சொன்னவர் பத்தியை விட்டுவிடாதீர்கள். எஸ்டேட் நிர்வாகி, பாதிரியார், பள்ளி ஆசிரியர் ஆகியோர் அடிக்கடி வருவார்கள். அந்தக் கரையிலேயே ஆடு மேய்த்தவர் சொன்ன பெயருக்கு நான் கூடுதல் மதிப்புத் தருவேன்.

4. ஒரு சான்றுக்கு ஒரு வரி

இதுதான் முக்கியமான படி. ஒரே ஓடை மூன்று சான்றுகளில் வந்தால் மூன்று வரி. மூன்றுக்கும் நீங்கள் தரும் ஒரே ஓடை எண். சான்றின் ஆண்டு, சொன்னவர், தாள் எண் எல்லாம் அந்தந்த வரியிலேயே இருக்கட்டும்.

எழுத்தைத் திருத்தவே கூடாது. கேலிக்கில் சொல்லின் முதல் மெய் இலக்கணத்துக்கேற்ப மாறும்: ஆலை 'முலின்', ஓடைப் பெயரில் அது 'வூலின்'. எழுதும்போது எம்முக்குப் பின் எச் வரும். காதில் கேட்டதை எழுதிய ஆங்கிலேயர் 'வி' போட்டிருந்தால், அதுவும் உச்சரிப்புக்கு ஒரு சாட்சி. இன்றைய கேலிக் வடிவத்துக்குத் தனிப் பத்தி வையுங்கள். உயிரெழுத்தின் மேல் வரும் கோடும் அப்படித்தான்: 1981 எழுத்துமுறை விதிகளுக்குப் பிறகு அது ஒரு பக்கமே சாயும், பழைய தாள்களில் இரண்டு விதமும் உண்டு. கோப்பை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமிக்காவிட்டால் அந்தக் கோடுகள் குப்பை எழுத்தாகிவிடும்.

5. இடத்தைக் குறியுங்கள்

ஓடை ஆற்றில் கூடுமிடத்துக்கு எட்டு இலக்கத் தேசியக் கட்டக் குறியீடு (பிரிட்டிஷ் வரைபடக் கட்டங்களை வைத்து இடத்தைச் சொல்லும் எண்) எழுதுங்கள். பத்து மீட்டர் துல்லியம் கிடைக்கும். மேலே ஒரு பெயர், கீழே வேறு பெயர் என்பது சகஜம். அதனால் பெயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையும் குறியுங்கள்.

6. ஊர்க்காரர்களிடம் கேளுங்கள்

அனுமதி வாங்கி, போனில் பதிவு செய்யுங்கள். வரைபடத்தை முதலில் நீட்டாதீர்கள். அச்சில் இருப்பதையே வாசித்துவிடுவார்கள். "இந்த ஓடைக்கு என்ன பெயர்?" என்று மட்டும் கேளுங்கள்.

அப்புறம் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஓடையைக் கோடாக வரைந்து, ஓடை எண் வழியாக எக்செல் தாளை அதோடு இணைத்துவிடலாம்.