மார்க்டவுன் கோப்பில் இருந்தபடியே பைத்தானை ஓட்டலாம்

உலாவியில் நிரல் எழுதி ஓட்ட உதவும் ஜூப்பிட்டர்லேபில் மார்க்டவுன் கோப்பை (எளிய குறிகளோடு எழுதும் உரைக்கோப்பு) திறந்து, எடிட்டருக்குள் வலது கிளிக் செய்து ‘கிரியேட் கன்சோல் ஃபார் எடிட்டர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கெர்னல் (நிரலைப் பின்னணியில் இயக்குவது) எது என்று கேட்கும், பைத்தானைக் காட்டுங்கள். அப்புறம், மூன்று பேக்டிக் குறிகள் (```) கொண்ட வரிகளுக்கு நடுவே உள்ள நிரல் துண்டில் கர்சரை வைத்து ஷிஃப்ட்+என்டர் அழுத்தினால் அது கன்சோலில், அதாவது விடை காட்டும் பலகத்தில், ஓடும்.

கெர்னல் மாறிகளை நினைவகத்திலேயே வைத்திருப்பதால், பெரிய சிஎஸ்வி தரவுக் கோப்பை ஒருமுறை ஏற்றினால் போதும்; அடுத்த துண்டுகள் அதையே எடுத்துக்கொள்ளும். நிரலை வெட்டி ஒட்டும் வேலை மிச்சம். கோப்பு வெறும் உரையாகவே இருப்பதால் கோப்பின் பதிப்புகளைக் கண்காணிக்கும் ‘கிட்’ (Git) கருவியில் மாற்றங்களும் பளிச்சென்று தெரியும், எனக்கு இதுதான் பெரிய லாபம்.

ஆனால் விடையும் வரைபடமும் கோப்பில் சேமிக்கப்படாது. அவற்றோடு சேர்த்து யாருக்காவது அனுப்ப வேண்டுமென்றால் நிரலையும் விடையையும் ஒன்றாகச் சேமிக்கும் ஜூப்பிட்டர் நோட்புக்தான் சரி.